வரத்து மேட்டில் ஒற்றை வீடு

யூஜினியாவின் வீட்டுக்குச் செங்கல் இறக்கியது என் லாரி. சிமெண்டு என் கடைச் சிமெண்டு. கதவு நிலைக்குத் தேவகோட்டை வரைக்கும் நானே போய் மரம் பார்த்துக் கொடுத்தேன். அதனால் அந்த வீட்டைப் பற்றிப் பேச எனக்கு இருக்கிற பாத்தியதை எங்கள் ஊரில் வேறு ஒருத்தருக்கும் கிடையாது.

என் பெயர் பூமிநாதன். சாக்கோட்டை யூனியனில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பூமிநாதன் இரும்புக்கடை என்று கேட்டால் பஸ் கண்டக்டரே கையைக் காட்டுவார். மூணாம் வகுப்புக்கு மேல் நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கியதில்லை. காரைக்குடியில் சுண்ணாம்பு அரைக்கிற இடத்தில் கூலியாக நின்றவன், அப்புறம் சிமெண்டு மூட்டை சுமந்தவன், அப்புறம் அந்த மூட்டைக்கே முதலாளி ஆனவன். ஒருத்தர் கையையும் எதிர்பார்த்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆனால் இது யூஜினியாவின் கதை.

அவள் எங்கள் ஊர்க் கோயில் தெரு அருளானந்தத்தின் மகள். கோயில் என்றால் மாதா கோயில். பாவாடை தாவணியோடு சிவகங்கைக்குப் போனவள், அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண்பிள்ளைகள் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தாள். தலை நரைத்த பிறகுதான் திரும்பி வந்தாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று நான் கேட்டதில்லை. ஒரே தம்பி, அவன் கோயம்புத்தூரில் மில் வேலை பார்த்து அங்கேயே தங்கிவிட்டான்.

விடுதியில் அவளுக்கென்று தனி அறை கிடையாது. பிள்ளைகள் வரிசையாகப் படுக்கிற பெரிய கூடத்தின் வாசல் பக்கம் பாய் விரித்துப் படுப்பாள். ஒரு பிள்ளை இருமினால் இன்னொன்று புரளும், ஒன்று தூக்கத்தில் அம்மாவைக் கூப்பிடும், இன்னொன்று பயந்து வந்து அவள் போர்வைக்குள் நுழையும். வாழ்நாளெல்லாம் அப்படித் தூங்கியவள். வேலையை விட்டு நிற்கும்போது கையில் கொடுத்ததை வைத்து அவள் ஒரே ஒரு காரியம் செய்தாள். வீட்டு மனை வாங்கினாள்.

அந்த மனை இருக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். ஊருக்கு வடக்கே குடிதண்ணீர் ஊருணி. ஊருணிக்கும் வடக்கே ஒரு பொட்டல் மேடு. அந்த மேட்டில் விழுகிற மழைதான் சரிந்து, வாய்க்காலில் சேர்ந்து, ஊருணிக்குள் வரும். அதற்கு வரத்து மேடு என்றே பெயர். ஆனால் அந்த நாலைந்து வருசம் மழை பேருக்குத்தான் பெய்தது. ஊருணி வெடித்துக் கிடந்தது. ஊரே போர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. வரத்து மேட்டில் வரத்து இல்லாத சமயமாகப் பார்த்து மதுரைப் பக்கத்து ஆள் ஒருவன் வந்து, நிலத்தை வாங்கி, மஞ்சள் கல் ஊன்றி, கொடி கட்டி, வந்தவர்களுக்கெல்லாம் கலர் சோடா வாங்கிக் கொடுத்து மனை விற்றான். பதினெட்டு மனையும் ஒரே மாதத்தில் போனது. பெயரிலேயே வரத்து இருக்கிற மேட்டில் வீடு கட்டலாமா என்று ஒரு வாய் கேட்கவில்லை. வாங்கியவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள், மீதிப் பேர் கோட்டையூர், காரைக்குடி.

மற்றவர்கள் விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டார்கள். யூஜினியா குடியிருக்க வாங்கினாள். முதலில் கட்டியவளும் அவள்தான்.

கட்டிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் போய்ப் பார்த்தேன். சமையலறையில், பக்கத்து மனையைப் பார்த்து, இடுப்பு உயரத்தில் ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லியிருந்தாள். கம்பி இல்லாத ஜன்னல். பக்கத்து மனை எங்கள் ஊர் அக்கம்மாளுடையது.

"தங்கச்சி, அக்கம்மா வீடு எழும்பிருச்சுன்னா இதுல பொட்டுக் காத்து வராது. எதுக்கு வீண் செலவு?"

"காத்துக்கு யாருண்ணே வச்சா? கொழம்புக் கிண்ணம் கை மாத்த வச்சது. இந்தக் கையி கொடுத்தா அந்தக் கையி வாங்கணும்."

"கம்பி இல்லைன்னா திருடன் வருவான்."

"வரட்டும். அவனும் ஆளுதானே?"

மேஸ்திரி கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தான். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

வீடு முடிந்தது. மாதா கோயில் சாமியார் வந்து மந்திரித்து, பாயசம் கொடுத்து, எல்லாரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து அந்த மேட்டில் அவளும் மஞ்சள் கற்களும்தான்.

அவள் காத்திருந்தாள். கடைத்தெருவுக்கு வரும்போதெல்லாம் மனைக்காரர்களைப் பிடித்து நிறுத்துவாள். "எப்ப வாரீக?" என்பாள். "தை வரட்டும்" என்பார்கள். தை வந்தால் வைகாசி என்பார்கள். அடுத்தவர் மனைகளில் சீமைக்கருவேலங்கன்று முளைத்தால் இவள் போய்ப் பிடுங்குவாள். முள் மண்டிவிட்டால் வர யோசிப்பார்களாம். ஒரு வீடுகூட இல்லாத தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தினம் கூட்டுவாள். என் கடையில் வேலை பார்க்கிற செம்மலை, "அந்தம்மா யாருக்குக் கூட்டுது, காத்துக்கா?" என்று கேட்டான். எடையைப் பார்டா என்று சொன்னேன்.

தொண்ணூத்தேழு ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகைக்குள் ஊருணி நிரம்பிவிட்டது. ஊரே கரையில் நின்று பார்த்தது. போர் தண்ணீர் கடுத்து நாக்குச் செத்துப் போயிருந்த ஜனம், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஊருணித் தண்ணீரில் பருப்பு வேகிற வேகமே தனி.

பத்து நாள் போயிருக்கும். தண்ணீரில் வாடை அடித்தது. பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். வயசாளிகள் ரெண்டு பேரைக் காரைக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பிழைத்துக்கொண்டார்கள். அப்போது பஞ்சாயத்துத் தலைவி நாகஜோதி. என் பங்காளி வீட்டுப் பெண், முதல் தடவையாகப் பொம்பளைகளுக்கு ஒதுக்கியதில் ஜெயித்து வந்தவள். தூறலிலேயே வாய்க்காலைப் பிடித்து மேட்டுப் பக்கம் ஏறினாள். துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். வாடை எங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது. யூஜினியா வீட்டுக் கொல்லையில் போய் நின்றோம். கக்கூஸ் குழி மழையில் நிரம்பி, மூடிக்கு மேலாக வழிந்து, சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது.

நாகஜோதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். யூஜினியா முக்காடு போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். எங்களையும் பார்த்தாள், குழியையும் பார்த்தாள்.

"என் வீட்டுதுதான் தாயி. இங்குட்டு வேற யாரு இருக்கா, இன்னொருத்தி மேல போட?"

அப்படியே திரும்பி உள்ளே போனாள். அடுத்த ஞாயிறு பூசைக்கு அவள் வரவில்லை என்று சொன்னார்கள்.

தண்ணீரை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு ஒருவழியாகச் சரிக்கட்டினோம். ஆனால் ஒரு வீட்டுக்கே இந்தக் கதி என்றால், பதினெட்டு வீடும் வந்தால்? ஊர் கூடியது. மேட்டில் இனி வீடே கூடாது என்றது ஒரு கூட்டம். எங்கள் சேமிப்பை மண்ணில் போடவா என்று எழுந்தார்கள் மனைக்காரர்கள். அதுவும் நியாயம்தான். பஞ்சாயத்தே வாங்கிக்கொள்ளட்டும் என்றார்கள். பஞ்சாயத்துக்குத் தெருவிளக்குப் பல்பு வாங்கவே முழி பிதுங்கியது.

வழி சொன்னவன் நான். இன்ஜினியர் சொல்லவில்லை, சிவகங்கையிலிருந்து ஆபீசர் வந்து சொல்லவில்லை. இந்த மூணாம் வகுப்புத்தான் சொன்னது.

எங்கள் கடைத்தெருவில் யாரும் மாடி கட்டக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. அம்மன் சப்பரமும் அந்தத் தெருவில்தான் வரும், மாதா சப்பரமும் அந்தத் தெருவில்தான் வரும். சாமி கீழே போகும்போது மனுசன் மேலே நிற்கக்கூடாது. அதனால் வசதி இருந்தும் கடைக்காரர்கள் எல்லாரும் ஒற்றைத் தளத்தில் கிடந்தோம். நான் எழுந்து சொன்னேன்.

"மேட்டுல வீடு கட்டுற உரிமையை விடுறவுக, அதைக் கடைத்தெருக்காரவுகளுக்கு விக்கட்டும். ஒரு மனைக்கு ஒரு மாடி. வாங்கினவன் மாடி கட்டிக்கலாம், வாங்காதவன் கட்டக்கூடாது. மனை அவுக பேருலயே கெடக்கட்டும். புல்லு அறுத்துக்கலாம், சுவரு எழுப்பக்கூடாது. மேட்டுல வரவேண்டிய வீடு தெருவுல மாடியா நிக்கும். தண்ணி தண்ணியா இருக்கும்."

டீக்கடை சின்னச்சாமிதான் ஆரம்பித்தான்.

"அப்ப சாமிய நீ மேல நின்னு குனிஞ்சு பாப்பியாக்கும்?"

"எங்க மாதாவும் அந்த வழியாத்தான் வருது" என்றார் கோயில் தெரு மரிய ஜெரால்டு. ரெண்டு பக்கமும் சேர்ந்து என்னை எதிர்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

"சப்பரம் வருதுன்னு கொட்டுச் சத்தம் கேட்டா, மாடியில இருக்கிற அம்புட்டுப் பேரும் இறங்கித் தெருவுக்கு வரணும். ஏறத் தெரிஞ்சவுகளுக்கு இறங்கத் தெரியாதா?"

"முட்டி வலிக்குதும்பான்" என்றான் சின்னச்சாமி.

"முட்டி வலிக்கிறவன் மாடி கட்டுவானாடா?"

சிரிப்பில் பாதி வேலை முடிந்தது. மீதியை நாகஜோதி முடித்தாள். இப்போது பெரிய நகரங்களில் இதையே சட்டமாகப் போட்டு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாம். வைக்கட்டும். நான் அவர்களைக் கேட்டுச் செய்யவில்லை.

ஒரே ஒரு சிக்கல். மனைகளுக்கு நடுவில் போட்ட தெரு பதினெட்டுப் பேருக்கும் பொது. அந்தத் தெருவை எடுத்தால்தான் மேடு மறுபடி மேடாகும். எடுக்க எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தர் மாட்டேன் என்றாலும் ஏற்பாடு நிலைக்காது. ஆளாளுக்கு விலை பேசிக் கையெழுத்துப் போட்டார்கள். அக்கம்மாள் தன் உரிமையைச் சின்னச்சாமிக்கு விற்று மகன் கல்யாணத்தை நடத்தினாள். வரவே போகாத பக்கத்து வீட்டுக்காரி. மிச்சம் யூஜினியா.

நானும் நாகஜோதியும் போனோம். கட்டிய வீடு இருக்கலாம், ஆனால் கூடக் கட்டக்கூடாது, கக்கூஸ் குழி வரத்துப் பாதையில் இருக்கக்கூடாது. கூடக் கட்டாமல் விடுவதற்கு அவளுக்கும் ஒரு மாடி உரிமை உண்டு. இதுதான் ஊர் முடிவு. நான் அதற்கும் மேலே ஒன்று வைத்தேன்.

"உன் உரிமையை எனக்குக் கொடு தங்கச்சி. நான் கட்டப்போற மேல்மாடியில ரெண்டு ரூமு உனக்கே எழுதித் தாரேன். தெருவைப் பாத்த ஜன்னல். பஸ்ஸு, கடை, ஆளு, எந்நேரமும் சத்தந்தான்."

"ஒங்க கூரைக்குக் கீழயாண்ணே?"

"எழுதித் தாரேங்கிறேன்."

"அறியாத வயசுல இருந்து அடுத்தவுக கூரையில படுத்தவ நான். இது ஒண்ணுதான் என்னுது. விட்டுட்டு வரமாட்டேன்."

"அப்பக் கையெழுத்துப் போடுங்க யூஜினியாம்மா, இங்கேயே இருங்க" என்றாள் நாகஜோதி.

யூஜினியா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "போட்டா இந்த மேட்டுல நான் சாகிற மட்டுக்கும் ஒரு குடி வராது. அது தெரிஞ்சே கையெழுத்துப் போடுன்னு சொல்ற. போடாட்டி ஊரு சாக்கடையக் குடிக்கும். இப்பவே எந்தப் பதிலத் தாயி எங்கிட்ட எதிர்பாக்குற?"

நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

ஒரு வாரம் பொறுத்தேன். மாடிக்கு வாங்கிய கம்பி வந்து இறங்கித் துருப்பிடிக்க ஆரம்பித்தது. கட்ட வேண்டிய அவசரம் எனக்கு. என் ரெண்டு மகன்களும், ஒருத்தன் திருப்பூர், ஒருத்தன் சிங்கப்பூர், ஆளுக்கொரு மாடி இருந்தால் குடும்பத்தோடு வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் அம்மா போனதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். தனியாகவே ஒரு சாயங்காலம் கிளம்பிப் போனேன்.

ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. விவசாயிகளுக்கு வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த வயலுக்கு இதைக் கேக்கிற?" என்றேன்.

"என்ன சொல்லுதுன்னு யாரு கேட்டா. பேசுதுல்ல."

உட்காரச் சொன்னாள். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். அப்புறம் விடுதியைப் பற்றிச் சொன்னாள். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போனால், அந்தக் கூடத்தில் அவளுக்குத் தூக்கம் வராதாம். எழுந்து போய்ப் பிள்ளைகள் படுக்கிற இடத்தில் எல்லாம் ஒவ்வொன்றாகப் பாயை விரித்து வைத்துவிட்டு வந்து படுப்பாளாம். "பாயி கெடந்தா ஆளு வரும்னு இருக்கும்ணே. இங்க மனைக்கல்லு கெடந்துச்சு. ஆளு வரும்னு இருந்துச்சு."

எனக்குத் தெரிந்த தொழிலில் இதற்குச் சாமான் கிடையாது.

அவளே சொன்னாள். "உரிமையை ஒங்களுக்கே தாரேன். ரூமு வேணாம். அதுக்கு ஈடா வடகரையில, இந்தா, என் வாசலுக்கு நேரா, ஒரு படித்துறை கட்டிக் கொடுங்க."

"படித்துறைதான் தெங்கரையில இருக்கே."

"அது கடைத்தெருப் பக்கம். கோயில் தெரு ஊருணிக்குக் கிழக்க ஏறிக் கெடக்கு, அந்தப் பொம்பளைகளுக்கு இதுதான் கிட்டக்க. குடி வராட்டி போகுது. தண்ணிக்குப் போறவ வாரவளாச்சும் இங்குட்டு வரட்டும்."

ஊரில் அதற்கும் ஒரு வாதம் வந்தது. ஆள் நடமாட்டம் இருந்தால் மேட்டில் அழுக்குச் சேராதா? யூஜினியாவே பதில் சொல்லி அனுப்பினாள்: செருப்பை என் வாசலில் விட்டுவிட்டு வரட்டும், பார்த்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டார்கள். காரைக்குடியில் முத்திரைத்தாளில் எழுதி அவளும் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் விரலில் இல்லாத மையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

படித்துறையை நான் ஏனோதானோ என்று கட்டவில்லை. நல்ல கருங்கல், ஒவ்வொரு படியும் கொத்திச் சொரசொரப்பு வைத்தது, கிழவிக்கும் வழுக்காது. அவள் கக்கூஸ் குழியையும் மூடி, சரிவு அந்தப் பக்கம் திரும்புகிற இடத்தில் புதுசாக ஒன்று கட்டிக் கொடுத்தேன். அதற்கு விலை கேட்கவில்லை. மஞ்சள் கற்களைப் பிடுங்கி வண்டியில் ஏற்றினார்கள். தெருவை உழுது விட்டார்கள். அவள் வீட்டுக்குப் போகிற கம்பத்தைத் தவிர மற்ற கரண்டுக் கம்பங்களும் போயின. அன்றைக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

அடுத்த மழையில் ஊருணி நிரம்பியது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஊரில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

ஆனால் வடகரைப் படிக்கு ஒருத்தியும் வரவில்லை. பொம்பளைகளுக்குக் கால் பழகிய பாதை தென்கரைப் பாதை. யூஜினியா வாசலைப் பெருக்கித் தெளித்து, ஒரு ஓரமாகச் செருப்புக்கு இடம் விட்டு, உட்கார்ந்திருந்தாள். நான் எவ்வளவோ கட்டிடம் பார்த்திருக்கிறேன். கட்டி முடித்து ஆள் ஏறாத படிக்கட்டை அப்போதுதான் பார்த்தேன்.

கடைசியில் கடைத்தெருப் பக்கத்து ஒச்சம்மாள் வந்தாள். யூஜினியாவுக்காக வரவில்லை. தென்கரையில் அழகி என்கிறவள் இவள் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டாள் என்று சண்டை. "அவ மொகரையில முழிக்கமாட்டேன்" என்று சபதம் போட்டுச் சுற்றிக்கொண்டு வடகரைக்கு வந்தாள். யூஜினியாவிடம் அந்தச் சண்டையை முதலிலிருந்து சொன்னாள். இவள் முழுசும் கேட்டாள். இப்படிக் கேட்க ஒரு காது கிடைத்தால் விடுவாளா? மறுநாள் தன் நாத்தனாரையும் கூட்டி வந்தாள். அப்புறம் கோயில் தெரு ஒவ்வொன்றாக வந்தது. பிறகு அழகியே வந்தாள், தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல.

இப்போது காலையிலும் சாயங்காலமும் யூஜினியா வாசலில் செருப்புக் குவியும். ரப்பர் செருப்பு, பிய்ந்த செருப்பு, ஊக்குக் குத்திய செருப்பு. ஜோடி மாறாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. யார் வரவில்லை, யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் செருப்பைப் பார்த்தே சொல்வாள். அது காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். மத்தியானமும் ராத்திரியும் பழையபடி மேடுதான். ஒருத்தி பக்கத்தில் குடியிருப்பதும் ஒருத்தி கடந்து போவதும் ஒன்றில்லை. அவள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

என் கடையில் இப்போது ரெண்டு மாடி. ஒன்று யூஜினியா தந்த உரிமை, இன்னொன்று ஒரு கோட்டையூர்க்காரரிடம் வாங்கியது. கடைத்தெருவிலேயே உயரம் அதுதான். முதல் மாடியைச் சீட்டு ஆபீசுக்கு விட்டிருக்கிறேன். ரெண்டாவது மாடியில் நான் இருக்கிறேன். மகன்கள் வந்தார்கள், மொசைக் தரையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள், லீவு முடிந்து போனார்கள். கீழே கடையில் என்னிடம் ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள், எனக்குப் பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. ஏழு மணிக்குக் கடை சாத்தினால் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

போன மாசியில் ஒருநாள் கடையைச் செம்மலையிடம் விட்டுவிட்டு, ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு வடகரைக்குப் போனேன். எங்கள் ஊரில் ஆம்பிளை குடம் தூக்குகிற வழக்கம் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றினேன். ஒச்சம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்ன மொதலாளி, மாடிக்குத் தண்ணி ஏறலையா?"

"மோட்டார் தண்ணி கடுக்குது."

"ஆளு அம்பு இருக்கே, அனுப்பப்படாதா?"

"நான் கட்டின படி எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்."

"படியப் பாக்கக் கொடம் எதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். யூஜினியா சிரிக்கவில்லை. "செருப்பை அந்த ஓரமா விடுங்கண்ணே, பொம்பளைக செருப்போட கலந்துறப் போகுது" என்றாள். அவ்வளவுதான். ஒச்சம்மாளோடு பேச்சைத் தொடர்ந்தாள்.

நான் நிதானமாக மொண்டேன். ஏறி வரும்போது மற்றவர்கள் போய்விட்டார்கள். பொழுது இறங்கியிருந்தது. செருப்பை மாட்டினேன். கிளம்பினேன்.

"அண்ணே, கேட்டைச் சாத்திட்டுப் போங்க."

கேட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். கை நீட்டினால் எட்டும். ஆனாலும் நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்ச் சாத்தினேன். கொக்கி விழ மறுத்தது. என் கடைக் கொக்கிதான், பழுது சொல்ல முடியாது.

"எண்ணெய் விட்டாச் சரியாயிரும்" என்றேன்.

"தினம் யாராச்சும் கடைசியாப் போறவுகளச் சாத்தச் சொல்லுவேன். ஒருத்தரும் எண்ணெயச் சொன்னதில்ல. நாளைக்கு வாரப்பக் கொண்டாங்க."

சரி என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தோளில் ஏற்றினேன்.